குதிகால் தெரியும் ஓட்டை

என் அக்காவின் கணவருக்கு யாருடைய முகமும் நினைவில் நிற்காது. கால்தான் நிற்கும். தெருவில் எதிரே வருகிறவர் வாய் நிறையச் சிரித்து, "என்ன அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டால் மாமா திருதிருவென்று விழிப்பார். அப்புறம் கண் மெல்லக் கீழே இறங்கும். "அட, ஒன்பதாம் நம்பர்! சுண்டுவிரல்ல இருந்த ஆணி இப்ப எப்படி இருக்கு?" என்பார். வந்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். தன் கால் ஆணியை ஞாபகம் வைத்திருக்கிற மனிதரை யார்தான் கோபித்துக்கொள்ள முடியும்?

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தவள் நான். அக்காவைப் பெண் கேட்கத்தான் வந்திருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, "நீங்க அவங்க தங்கச்சி. அதே கால்" என்றார். இந்த ஆள் ஒன்று பைத்தியம், இல்லையென்றால் தங்கம் என்று அப்போதே நினைத்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து பார்த்ததில் இரண்டும்தான் என்று தெரிந்தது.

கடைவீதியில் ஒரு செருப்புக் கடையில் அவர் விற்பனையாளர். முதலாளிக்குக் கல்லா, மாமாவுக்குத் தரை. ஒரு குட்டை ஸ்டூல், காலை வைத்து அளக்கிற ஒரு தகடு, சுவரோரமாகத் தரையோடு சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி, இவைதான் அவருடைய ராஜ்ஜியம். அந்தக் கண்ணாடியில் பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அதற்கு மேலே என்ன இருந்தால் என்ன என்பது மாமாவின் கருத்து. நான் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். "வீட்ல மேல்மாடிக்கு நீ, தரைத்தளத்துக்கு நான்" என்று அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

வியாபாரத்தில் மனிதர் பிடிவாதக்காரர். கடிக்கிற செருப்பை விற்க மாட்டார். "போடப் போட சரியாயிடும்" என்று மற்ற கடைகளில் சொல்கிற பொய்யை அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. "வலிக்குதா? கழட்டுங்க" என்று அவரே வாரை அவிழ்த்துவிடுவார். குழந்தைகள் ஷூ என்றால் கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்து, "வளர்ற கால், ஒரு விரல் இடம் இருக்கணும்" என்று ஓர் அளவு பெரியதாகத்தான் கொடுப்பார். நடக்காத குழந்தைக்கு ஷூ கேட்டு வந்தாலோ, கொடுக்கவே மாட்டார். "நடக்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க. காலுக்கு முதல்ல தரை தெரியணும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் திரும்பிப் போனவர்கள் எல்லாரும் ஒரு வருஷம் கழித்து, நடக்கிற பிள்ளையோடு இவரைத் தேடியே வருவதால் வேலையை விட்டு நிறுத்தவும் மனம் வராது.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பிறந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் முகத்தைப் பார்க்க முண்டியடித்தோம். மாமா மட்டும் வழக்கம்போல மறு முனையில் துணியை விலக்கினார். நான், "எத்தனாம் நம்பர் மாமா?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்தேன். இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. குதிகால் மேலே ஏறிக் கிடந்தது. மாமா துணியை மூடிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். ஊரார் காலையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறவர், தன் பிள்ளையின் காலைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருந்த பெரியம்மா ஒருத்தி சும்மா இருக்கவில்லை. "மாசமா இருக்கும்போது எப்படிப் படுத்தாளோ, என்னத்தத் தின்னாளோ" என்று ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் தெரியாது. "நீங்க இப்ப வாயத் திறந்தீங்கன்னா உங்க வாய்க்குக் கட்டுப் போடச் சொல்லிடுவேன்" என்றேன். அன்றைக்கு அவள் மூடிய வாய், பாப்பா வீட்டுக்கு வரும் வரை திறக்கவில்லை.

எலும்பு டாக்டரம்மா வந்து பார்த்தார். ஒல்லியான மனுஷி, பேச்சும் அளவாகத்தான் இருந்தது. "இதுக்குப் பேரு வளைபாதம். யாரும் எதுவும் செஞ்சதால வந்ததில்ல. சரி பண்ணிடலாம். பிஞ்சுக் கால், சொன்னபடி கேக்கும். வாரா வாரம் கொஞ்சமா திருப்பி மாவுக்கட்டுப் போடுவோம். கட்டு பாதி வேலைதான். அதுக்கப்புறம் ஒரு ஷூ குடுப்போம். அத ஒழுங்காப் போடலன்னா கால் பழைய இடத்துக்கே திரும்பிடும். அந்தப் பாதி உங்க வேலை."

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நடப்பாளா?"

"நடப்பா. நீங்க பின்னாடியே ஓடுவீங்க."

அடுத்த வாரமே தொடங்கிவிட்டோம். கட்டுப் போடுகிற அறை குழாயடி மாதிரி சளசளவென்று இருக்கும். மூலையில் வாளி, தரையெல்லாம் வெள்ளைத் தூள், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு குழந்தை. கட்டுப் போடுகிறவரை எல்லாரும் கட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கை வரை மாவு, கழுத்தில் ஒரு கிலுகிலுப்பை, தொண்டையில் சுருதியே சேராத ஒரு பாட்டு. டாக்டரம்மா பாதத்தைப் பிடித்து, ஓர் எலும்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி, நூல் அளவுதான் வெளியே திருப்புவார். திருப்பியபடியே அசையாமல் பிடித்திருப்பார். கட்டுக்காரம்மா பஞ்சைச் சுற்றி, அதன்மேல் நனைத்த கட்டுத்துணியைச் சுற்றி, விரலிலிருந்து தொடை வரை மாவைத் தடவி வழவழவென்று ஆக்கிவிடுவார். அக்கா பால் கொடுத்தபடி இருக்க, பாப்பாவுக்கு நடந்தது பாதி தெரியாது.

"விரல் நுனி மட்டும் வெளிய தெரியணும்" என்பார் கட்டுக்காரம்மா. "விரல் உள்ள போச்சுன்னா கட்டு நழுவுதுன்னு அர்த்தம். உடனே ஓடி வரணும். நாளைக்கு, மறுநாளுன்னு கதை சொல்லக் கூடாது."

கழற்றிய கட்டுகளை மாமா தூக்கி எறிய விடவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்கி வந்து வீட்டு அலமாரியில் வரிசையாக நிறுத்தினார். முதல் ஜோடி உள்பக்கம் பார்க்கும், அடுத்தது கொஞ்சம் நேராக, அதற்கடுத்தது கொஞ்சம் வெளியே. கடையில் ஷூ அடுக்குகிற அதே கோணம், அதே இடைவெளி. "தூசிதான் சேருது, தூக்கிப் போடுங்க" என்று அக்கா சொன்னால், "புது மாடல் வர்ற வரைக்கும் பழசு இருக்கட்டும்" என்பார். மனிதருக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

கடைசியாக, மேலே ஏறிய குதிகால் இறங்குவதற்காக அதன் பின்னால் இருக்கிற தசைநாரில் பொட்டு போல ஒரு சின்ன வெட்டு. அதற்கு மேல் ஒரு நீளமான கட்டு. அதையும் பிரித்தபோது இரண்டு பாதங்களும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு ஜம்மென்று இருந்தன. மாமா அவற்றைக் கையில் ஏந்தி, "பாருடி, பாதம்! அசல் பாதம்!" என்று அக்காவிடம் காட்டினார். ஏதோ அவர் கடைக்கே வந்து இறங்கிய சரக்கு மாதிரி.

அன்றைக்குத்தான் அந்தத் தப்பும் நடந்தது.

டாக்டரம்மா சொன்ன ஷூ என்பது, ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் வெளிப்பக்கம் பார்த்தபடி மாட்டிய இரண்டு சின்ன ஷூக்கள். முதல் மூன்று மாதம் குளிக்கிற நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயது வரை. கட்டுக்காரம்மா அன்றைக்கு லீவு. ஷூ கொடுக்கிற ஜன்னலில் ஒரு புதுப் பையன் இருந்தான். டாக்டரம்மா எழுதிய அளவை எடுத்து வைத்தான். மாமா ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் முனையை அழுத்தினார்.

"தம்பி, இது சரிப்படாது. வளர்ற கால். ஒரு விரல் இடம் வேணும். அடுத்த அளவு குடுங்க."

"டாக்டர் இதத்தான் எழுதியிருக்காங்க சார்."

"டாக்டர் கால சரி பண்ணுவாங்க. செருப்பு நம்ம தொழில்."

அவர் பேசிய தோரணையில் பையன் அடுத்த அளவை எடுத்துக் கொடுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற நானும் பெருமையாகத் தலையாட்டினேன். செருப்பைப் பற்றி மாமாவிடம் யார் வாதாடுவது?

வீட்டுக்கு வந்து மாட்டினோம். பாப்பா அழவே இல்லை. மற்ற குழந்தைகள் முதல் வாரம் வீட்டை இரண்டாக்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் வீட்டில் இவள் கம்பியை ஆட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அளவுங்க, எல்லாம் அளவுதான். சரியான அளவு போட்டா பிள்ளை எதுக்கு அழப்போகுது?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாரையும் ஓர் ஓட்டை தளர்த்தியேதான் மாட்டுவார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், குளிப்பாட்டித் துவட்டிய பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவை எடுத்துக்கொண்டு போன என்னை நிறுத்தினார்.

"நீ பாரு."

"என்னத்தப் பாக்க?"

"இடது கால். உள்ள திரும்புது."

கண்ணாடிக் கடைக்காரி நான் குனிந்து குனிந்து பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "உங்களுக்குப் பிரமை மாமா" என்றேன். அக்காவும் வந்து பார்த்து அதையே சொன்னாள்.

"பிரமை இல்ல" என்றார். "காலப் பத்தி எனக்குப் பிரமை வராது." அவர் முகம் ஆஸ்பத்திரி பெஞ்சில் பார்த்த முகமாக மாறியிருந்தது.

மறுநாள் காலையில் கட்டுக்காரம்மா முன்னால் நின்றோம். அவர் பாப்பாவின் ஷூவைக் கழற்றவில்லை. அப்படியே தூக்கி, குதிகால் பக்கம் இருந்த சின்ன வட்ட ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். பாட்டு நின்றுவிட்டது.

"இந்த ஓட்டை எதுக்குன்னு நினைச்சீங்க?"

"காத்து வர்றதுக்கு" என்றார் மாமா.

நான் சிரித்திருப்பேன், கட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "காத்தா? குதிகால் கீழ இறங்கி உட்கார்ந்திருக்கான்னு பாக்கறதுக்கு. வந்து பாருங்க. என்ன தெரியுது?"

மாமா குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியல."

"தெரியாது. குதிகால் மேல ஏறிக்கிச்சு. கால் உள்ளுக்குள்ளயே தன் இஷ்டத்துக்கு நீச்சல் அடிக்குது. இத்தன பெரிய அளவ யார் குடுத்தது?"

பையனின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். மாமா போடவில்லை. "நான்தான் கேட்டு வாங்கினேன். கடையில பிள்ளைங்களுக்கு அப்படித்தான் குடுப்போம்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"உங்க கடையில குடுக்கறது நடக்கறதுக்கு. அதுல இடம் வேணும், நியாயம்தான். இது நடக்கற ஷூ இல்ல சார். டாக்டரம்மா பிடிச்சிருந்தாங்களே ஒரு கை, அதுக்குப் பதிலா இருக்கற கை. கை தளர்ந்தா என்ன ஆகும்?" திட்ட வந்தவர் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி சரி, சீக்கிரமே பாத்துட்டீங்க. இன்னொருத்தரா இருந்தா, இந்த அளவு திரும்பினதெல்லாம் கண்ணுலயே பட்டிருக்காது. இன்னும் ரெண்டு கட்டு, அவ்வளவுதான். சரியாயிடும்."

மறுபடி மாவுக்கட்டு. அந்த இரண்டு கட்டையும் மாமா வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அலமாரியில் இருந்ததையும் ஒரு துணியால் மூடினார். கடையில் ஒருவரிடமும் பேச்சில்லை என்று முதலாளியே என் கடைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். "ஒரு விரல் இடம்னு இத்தன வருஷமா எத்தன பேருக்குச் சொன்னேன். என் பிள்ளை கிட்டயா அது தப்பாகணும்?" என்று ஒரு நாள் மாமா என்னிடம் கேட்டார். "அது தப்பில்ல மாமா. அவளுக்கு இன்னும் அந்த நேரம் வரல, அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தேன்.

சரியான அளவு ஷூ வந்தது. நடு வாரை முதலில் இறுக்க வேண்டும், அப்புறம் ஓட்டையில் பார்க்க வேண்டும், குதிகால் தெரிந்தால் மற்ற வார்கள். இந்த முறை பாப்பா அழுதாள். சாதாரண அழுகை இல்லை, மூன்றாவது வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கிற அழுகை. மாமாவின் கை தானாகவே வாருக்குப் போனது. பாதி ஆயுளாக, வலிக்குது என்று யார் சொன்னாலும் கழற்றிப் பழகிய கை அது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். மாமா கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அழட்டும்" என்றார். சொன்னவரின் கண்ணிலும் தண்ணீர்.

அதோடு விடவில்லை. செருப்பு எப்படியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் பழைய ஷூ இரண்டையும் துடைப்பக் கட்டையின் இரு முனையில் கயிற்றால் கட்டி, காலில் மாட்டிக்கொண்டு பாப்பாவுக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்தார். ஒரு காலை மட்டும் உதைத்தால் மற்றது இழுக்கிறது. இரண்டையும் சேர்த்து மடக்கி நீட்டினால் சுகமாக வருகிறது. "ஏய், ரகசியம் பிடிபட்டுச்சு!" என்று கத்தினார். பிறகு பாப்பாவின் கம்பியைப் பிடித்து, "மடக்கு... நீட்டு... மடக்கு... நீட்டு" என்று சொல்லிக் கொடுக்க, அவளும் அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் கட்டையை வேடிக்கை பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாடகை விஷயமாக வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மாமா, "வர்றேன் சார்" என்று எழுந்திருக்கப் பார்த்து, துடைப்பக் கட்டையோடு குப்புற விழுந்தார். திறந்த கதவில் வீட்டுக்காரர். தரையில் மாமா. பாப்பா முதன்முதலாக வாய்விட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தது அன்றைக்குத்தான். வந்த விஷயத்தைச் சொல்லாமலே வீட்டுக்காரர் திரும்பிப் போய்விட்டார்.

அந்த வாரத்திலிருந்து அழுகை குறைந்தது. பிறகு தேய்ந்தே போனது. கம்பிக்கு அக்கா கோடு போட்ட துணியில் உறை தைத்தாள். பகலில் போட வேண்டாம் என்று ஆன பிறகு, தூங்கும் நேரம் வந்தால் பாப்பாவே அந்தக் கம்பியைத் தரையில் இழுத்துக்கொண்டு தவழ்ந்து வருவாள். ஒவ்வொரு முறையும் மாட்டிவிட்டு மாமா ஒரு கண்ணை மூடி ஓட்டையில் பார்ப்பார். இடது ஒரு தடவை, வலது ஒரு தடவை, சந்தேகத்துக்கு மறுபடி இடது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாப்பா நடக்கவில்லை. அவள் வயதுக் குழந்தைகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியும், இவள் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. டாக்டரம்மா, "அவசரமே இல்ல, கால் ரெண்டும் அருமையா இருக்கு" என்றார். மாமா தினமும் கடைக்குக் கிளம்பும்போது, "நடந்தான்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு புதன்கிழமை காலை, அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், பாப்பா நாற்காலியை விட்டுவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். நடு அறையில் நின்று, யோசித்து, மிச்சத்தையும் நடந்து வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அக்கா போனை எடுத்தாள். நான் பிடுங்கி வைத்துவிட்டேன்.

"போன்ல சொல்ற விஷயமாக்கா இது? வா, கடைக்குப் போலாம். நாம பாத்ததச் சொல்லவே கூடாது."

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் பேச்சு என்னுடையது என்று ஏற்பாடு. கடையில் கூட்டம் இல்லை. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு ஒரு ஷூ வேணும்" என்றேன்.

எங்களைப் பார்த்து மலர்ந்த முகம் உடனே கடை முகமாக மாறியது. "நடக்காத பிள்ளைக்கு ஷூ கிடையாது. உனக்குத் தெரியாதா?"

"சொந்தப் பொண்ணுக்குமா?"

"யாரா இருந்தாலும்." குரல் லேசாக உடைந்தது. "நடக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அக்கா பாப்பாவைத் தரையில் நிறுத்திக் கையை விட்டாள். பாப்பா சுற்றிப் பார்த்தாள். எதிரே தரையோடு சாய்ந்திருந்த கண்ணாடி. பெரியவர்களுக்கெல்லாம் கால் மட்டும் தெரிகிற அந்தக் கண்ணாடியில் அவளுக்கு முழுசாக ஒரு குழந்தை தெரிந்தது. அதைப் பிடிக்க நடந்தாள். வெறுங்கால். ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையில் பட்டது. மாமாவின் முன்னால் கடந்து போய், கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, உள்ளே இருந்த குழந்தைக்கு எச்சில் வழிய முத்தம் கொடுத்தாள்.

முதலாளி கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டார். "யோவ், பொண்ணு நடக்குதுய்யா!" என்றார்.

"ரெண்டு குதிகாலும் படுது" என்றார் மாமா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மடியிலிருந்த ஷூவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காவும் அழுதாள். அழ மாட்டேன் என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்த நானும் அழுதேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரார் காலுக்கெல்லாம் செய்வதுபோல அவள் காலையும் தகட்டில் வைத்து முறைப்படி அளந்தார். பரணிலிருந்து ஒரு சிவப்பு ஷூவை இறக்கி மாட்டினார். கட்டைவிரலை முனையில் வைத்தார். கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இடம் விடலாம்ல?"

"விடலாம் மாமா. நடக்கற ஷூதானே."

"ஆமா" என்றார். "நடக்கற ஷூ." முனையை அழுத்திப் பார்த்தார். ஒரு விரல் இடம் இருந்தது.

சிவப்பு ஷூவை மத்தியானம் வரை பாப்பா கழற்ற விடவில்லை. தூங்கும் நேரத்தில், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த மாமா அதைக் கழற்றியதற்கு வீடே அதிர அழுதாள். செருப்பைக் கழற்றியதற்காக ஒருவர் அழுது அவர் பார்த்ததே இல்லையாம், அதற்கு வேறு ஒரே பெருமை. கம்பி ஷூவைக் கொண்டுவந்து, நடு வாரை இறுக்கி, தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையில் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ பாரு."

நானும் தரையில் படுத்துப் பார்த்தேன். குதிகால் இருந்தது.